நித்யமல்லி ஒரு முழம்

திருவண்ணாமலையில் பேய் கிடையாது. இது என் அபிப்பிராயம் இல்லை, பூகோளம். மலையைச் சுற்றி எட்டுத் திக்கிலும் எட்டு லிங்கங்கள் டிராபிக் போலீஸ் மாதிரி உட்கார்ந்திருக்கின்றன. தெற்கிலிருந்து வருகிற பேயை எமலிங்கம் நிறுத்தி, எந்த ஊர், எப்போது செத்தாய், யாரைப் பார்க்க வந்தாய் என்று விசாரிக்கும். பதில் சொல்லி முடிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். வேலூரில் பேய் உண்டு. விழுப்புரம் ஜங்ஷன் என்பதால் அங்கே கொஞ்சம் ஜாஸ்தியாகவே உண்டு. நமக்கு மட்டும் ஒதுக்கீடு இல்லை.

இந்த உண்மையை நான் முதன்முதலில் வெளியிட்டது 1978 ஆவணியில், இதே விடுதி மெஸ்ஸில், புளிக்குழம்புக்கும் மோருக்கும் நடுவில். கேட்டவர்கள் பதினோரு பேர். பத்துப் பேர் சிரித்தார்கள். என் அறைத்தோழன் மூர்த்தி மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"எங்க மாமா ஊட்டுக் கொல்லையில ஒரு ராத்திரி வந்து உக்காருடா. அப்பால பேசு" என்றான்.

மூர்த்தி இன்றைக்கு ஊருக்குப் போயிருக்கிறான். இருந்தால் என்னைச் சொல்ல விடமாட்டான். கரண்ட் வர எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். கண்ணாயிரம், அந்த மெழுகுவத்தியைக் கொஞ்சம் இப்படித் தள்ளு. ஜன்னலைச் சாத்து. சாரல் அடிக்கிறது.

சரி. கேளுங்கள்.

ராத்திரி மணி இரண்டு... அடி அண்ணாமலைக்குப் போகிற ரோடு. பௌர்ணமி அன்று அதில் ஜனங்கள் நடப்பார்கள். மற்ற நாளெல்லாம் அந்த ரோடு புளியமரங்களுக்குச் சொந்தம். விளக்கு கிடையாது. ஒரே ஒரு சைக்கிள் வரும். டைனமோ கிர்ர்ர் என்று அழுதுகொண்டே வரும். அதன் மேல் ஒரு மனிதர். காதில் மப்ளர், கைப்பையில் காலி டிபன் பாக்ஸ். அவர்தான் இருசப்பன், மூர்த்தியின் அத்தை புருஷன். தந்தி ஆபீஸில் ராத்திரி ஷிப்ட்.

இருபது வருஷமாக ராத்திரி ஷிப்ட். ஊரில் யார் செத்தாலும் முதலில் அவருக்குத்தான் தெரியும். பகலெல்லாம் தூங்குவார். அதனால் அவர் வாழ்க்கையில் செம்பருத்தி பூத்துப் பார்த்ததே கிடையாது. ஒரு நாள் அவருக்கு அது உறைத்துவிட்டது.

"பகல்ல பூக்கற பூவெல்லாம் பகல்ல இருக்கறவனுக்கு. எனக்குன்னு பூக்கற பூ ஒன்னாவது வேணாமா?" என்று அத்தை ஆதிலட்சுமியிடம் கேட்டாராம்.

அத்தை என்ன சொல்ல முடியும். சரி என்றாள்.

கொல்லையில் கிணற்றுக்குப் பக்கத்தில் எட்டடிக்குப் பத்தடி ஒரு குட்டை வெட்டினார். கரைக்குக் கருங்கல் பாவினார். உள்ளே வெள்ளை அல்லி. கரையைச் சுற்றி அந்திமந்தாரை, பவழமல்லி, நித்யமல்லி, மூலையில் ஒரு இரவு ராணி. எல்லாம் பொழுது சாய்ந்த பிறகு வாய் திறக்கிற ஜாதி. ஒன்றரைக்கு ஷிப்ட் முடிந்து, இரண்டரைக்கு வீட்டுக்கு வந்து, துணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து, ஒரு பீடி முடிகிற வரை அந்தத் தோட்டத்தைப் பார்ப்பார். அதுதான் அவருக்குச் சாயங்காலம்.

பதியன் எல்லாம் கொடுத்தது சந்திரம்மாள். அதே அடி அண்ணாமலைக்காரி. கோபுரத்து வாசலில் கூடை வைத்துப் பூ விற்கிறவள். சொந்தமாக ஒரு செடி கிடையாது. இருபது வீட்டுக் கொல்லையில் சாயங்காலம் போய் மொட்டு பறிப்பாள். பறித்த வீட்டுக்கு ஒரு முழம் கட்டி வைத்துவிட்டுப் போவாள். அந்தப் பக்கத்தில் அதுதான் வழக்கம். பறிக்கிறவர்கள் வீட்டுப் பங்கை வைக்காமல் போனால் அது திருட்டு.

இருசப்பனோடு அவளுக்கு ஒப்பந்தம் சுலபம். வேலியோரத்து நித்யமல்லி அவளுக்கு. குட்டை ஓரத்தில் இருப்பது அவருக்கு. அதை அவள் தொடக்கூடாது.

ஒரு வருஷம் ஒழுங்காகப் போயிற்று. ஆடி முடிந்து ஒரு ராத்திரி இருசப்பன் வந்து கல்லில் உட்காரப் போனார்... கல்லில் ஏதோ ஈரமாக இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு முழம் நித்யமல்லி. வாழைநாரில் நெருக்கமாக, ஒழுங்காகக் கட்டியது. குட்டை ஓரத்துச் செடியில் ஒரு பூ இல்லை. மொட்டையாக நின்றது.

சந்திரம்மாள் ஏதோ அவசரத்தில் பறித்திருப்பாள், பங்கு வைத்திருக்கிறாளே, போகட்டும் என்று விட்டுவிட்டார். அத்தை காலையில் அதைத் தலையில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த ராத்திரியும் அதே. அதற்கு அடுத்ததும்.

நான்காம் நாளிலிருந்து அத்தை தலையில் வைத்துக்கொள்வதை நிறுத்திவிட்டாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. சாமி அலமாரியின் கீழ்த்தட்டில் வரிசையாகப் போட்டுக்கொண்டே வந்தாள்.

ஒன்பதாம் நாள் இருசப்பன் தூங்காமல் காத்திருந்தார். சாயங்காலம் சந்திரம்மாள் படலைத் திறந்ததும் பிடித்துக்கொண்டார். மூர்த்தி அன்றைக்கு அங்கே இருந்தான். அவன் சொன்னபடி சொல்கிறேன்.

"சந்திரம்மா, உள்ளதைச் சொல்லு. குட்டை ஓரத்துப் பூவை நீ தொடமாட்டேன்னு சொன்னியா, இல்லியா?"

"சொன்னேன். தொடலையே."

"அப்போ பூ இன்னா, எழுந்து நடந்து போச்சா?"

"எனக்கு இன்னா சார் தெரியும்? ராத்திரியில நான் எங்க, உங்க ஊடு எங்க."

"எடுக்கறதும் எடுத்துட்டு, பங்கு வேற வெச்சிட்டுப் போற. எங்கிட்டயே எகத்தாளமா?"

அவள் அந்தச் சரத்தை வாங்கினாள். முழங்கையில் ஒரு முனையை வைத்து நடுவிரல் வரை நீட்டினாள். சரம் விரல் வரை வரவே இல்லை. மணிக்கட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நின்றுவிட்டது. சந்திரம்மாளுக்குக் கை நீளம். கோபுரத்து வாசலில் எல்லோரும் அவளிடம் வாங்குவது அதற்காகத்தான்.

"பாருங்க சார். நாலு வெரக்கடை கம்மி. இது எங்கை முழம் இல்ல."

"கம்மியா அளக்கறதுக்கு உங்களுக்கு யாராவது சொல்லிக் குடுக்கணுமா?"

வேலிக்கு அந்தப் பக்கம் ரெண்டு பேர் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததுதான் வினை. அன்றைக்கு இருட்டுவதற்குள் மூன்று வீட்டுக்காரர்கள், இனிமேல் நாங்களே பறித்துக்கொள்கிறோம் என்று சந்திரம்மாளிடம் சொல்லிவிட்டார்கள்.

அவள் திரும்பி வந்தாள். கூடையைக் கீழே வைத்தாள்.

"முழம் கம்மின்னு சொல்லுங்க, வாங்கிக்கறேன். கை சுத்தம் இல்லைன்னு மட்டும் சொல்லாதீங்க சார். அடுத்தவங்க கொல்லையில நுழைஞ்சி பொழைக்கிறவ நான். இந்த ஒரு வார்த்தை போதும், இருவது படலும் சாத்திக்கும். வெள்ளிக்கெழம உங்களுக்கு லீவு. நான் வரேன். ராத்திரி பூரா உங்க கண்ணு முன்னால உக்காந்துக்கறேன். என் ரெண்டு கையையும் கட்டிப் போடுங்க. பூ போச்சுன்னா நான் இல்ல. போவலைன்னா... நாந்தான்னு வெச்சிக்குங்க."

இந்த வெள்ளிக்கிழமைக்குத்தான் மூர்த்தி என்னைக் கூட்டிக்கொண்டு போனான். பேய் இல்லை என்று நிரூபிக்க ஒரு நிபுணர் வேண்டியிருந்தது. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முதலாண்டு. நான் போனேன்.

ராத்திரி ஒன்பதுக்கு ஏற்பாடுகள் தொடங்கின. அத்தையை உள்ளே படுக்கச் சொல்லி, பின்கதவுக்கு வெளியே பூட்டுப் போட்டு, சாவியை இருசப்பன் இடுப்பில் சொருகிக்கொண்டார். தன் பெண்டாட்டியையும் அவர் விடவில்லை. பாரபட்சம் இல்லாத மனிதர். சந்திரம்மாள் கிணற்றுத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினாள். அவர் சணல் கயிற்றால் மணிக்கட்டைச் சேர்த்துக் கட்டினார். கட்டியது போதாது என்று ஒரு மெழுகுவத்தியைக் கொளுத்தி, அரக்கை உருக்கி, முடிச்சின் மேல் சொட்டவிட்டு, ஒரு எட்டணாவை வைத்து அழுத்தினார். அரசாங்க உத்தியோகம்.

சூடு பட்டு அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"தம்பி, நீங்களும் கட்டிக்குங்க. இங்க கையைச் சும்மா போட்டுட்டுத் தூங்காதீங்க."

"ஏன், கழட்டி எடுத்துட்டுப் போயிடுமா?"

"அது தெரியல. என் மனசுக்குச் சரியா படல."

"பூக்காரம்மா, நான் சயின்ஸ் படிக்கறவன். என் கை என் மூளைகிட்ட கேக்காம ஒரு வேலையும் செய்யாது. கையைக் கட்டிக்கினா கொசு கடிச்சா யாரு சொறியறது? நீங்களும் கட்டிக்கினு இருக்கீங்க."

மூர்த்தி சிரித்தான். இருசப்பன்கூடச் சிரித்தார். நான் இன்னும் கொஞ்சம் பேசினேன். ஊரில் எல்லோரும் இப்படிக் கையைக் கட்டிக்கொண்டால் சாட்சிக் கையெழுத்து யார் போடுவது, ஓட்டு யார் போடுவது என்றெல்லாம். நன்றாகத்தான் இருந்தது. அவள் மட்டும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினோரு மணிக்குப் பூக்கள் திறந்து நின்றன. அல்லி ஒவ்வொன்றாக வாய் பிளந்து தண்ணீரில் வெள்ளையாக மிதந்தது. நித்யமல்லி வாசனை காற்றில்லாத கொல்லையில் கழுத்து வரை நின்றது. தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. இருசப்பன் நாற்காலியில், மடியில் டார்ச். நானும் மூர்த்தியும் குட்டைக்குப் பக்கத்தில் பாயில், செடிக்கும் துணி துவைக்கிற கல்லுக்கும் நடுவில். பன்னிரண்டுக்கு மூர்த்தி குறட்டை விட்டான்.

அந்த ராத்திரி அந்தக் கொல்லையில், பூ திருட்டுப் போகவேண்டும் என்று வேண்டிக்கொண்டு ஒரே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தாள். அது எனக்கு அப்போது வேடிக்கையாக இருந்தது.

ஒன்றரை இருக்கும். தவளைகள் நின்றன. ஒவ்வொன்றாக நிற்கவில்லை. ஒரேயடியாக... ரேடியோவை மூடினமாதிரி.

அப்புறம் அந்தச் சத்தம்.

சர்ர்... டுக்.

வாழைநாரை நகத்தால் கிழிக்கிற சத்தம் கேட்டிருக்கிறீர்களா? ஈரநார். மெல்லிசாகக் கிழியும். சர்ர்... அப்புறம் பூவை வைத்து முடிச்சை இழுக்கிறபோது ஒரு சின்ன டுக்.

சர்ர்... டுக். சர்ர்... டுக்.

இருசப்பன் டார்ச்சை அடித்தார். வெளிச்சம் நேராகக் கிணற்றுத் தூணுக்குப் போயிற்று. சந்திரம்மாள் உட்கார்ந்தபடியே இருந்தாள். கை இரண்டும் மடியில், கட்டியது கட்டியபடி. அரக்கு மினுங்கிற்று. சத்தம் நின்றுவிட்டது. வெளிச்சம் குட்டைக்குப் போயிற்று. தண்ணீர் ஆடவில்லை. செடிக்குப் போயிற்று. இலை ஆடவில்லை.

டார்ச்சை அணைத்தார்.

சர்ர்... டுக்.

மறுபடி அடித்தார். மறுபடி தூண், மறுபடி குட்டை, மறுபடி செடி. ஒன்றுமில்லை. அந்த வெளிச்சத்தில் நான் ஒன்றைக் கவனித்தேன். சந்திரம்மாள் குட்டையைப் பார்க்கவில்லை. செடியையும் பார்க்கவில்லை. என் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தைக்கூட இல்லை... கொஞ்சம் கீழே. அவள் வாய் திறந்து திறந்து மூடிற்று. சத்தம் வரவில்லை. இந்தப் பொம்பிளை எதற்கு இப்படி நடிக்கிறாள் என்று எனக்குச் சந்தேகம் வந்தது. இவளும் இன்னொரு ஆளும் சேர்ந்து செய்கிற வேலை இது, கூட்டாளியை நாம் பார்க்காமல் இருக்க நம்மைப் பயமுறுத்துகிறாள், விடிந்ததும் இதைச் சொல்லவேண்டும் என்று வாக்கியமெல்லாம் மனசுக்குள் எழுதி வைத்துக்கொண்டேன்.

இருசப்பன் அந்த ராத்திரி ஆறேழு தடவை டார்ச் அடித்தார். ஒரு தடவைகூட எங்கள் பாயின் பக்கம் திருப்பவில்லை. திருப்ப வேண்டும் என்று அவருக்கு எப்படித் தோன்றும்?

நான் தூங்கவில்லை. அதை மட்டும் சத்தியம் செய்வேன். இருட்டில் விழித்தபடி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கத்தான் முடியவில்லை. தூரத்தில் இருக்கிற சத்தத்துக்குத் திசை உண்டு. இது அப்படி இல்லை...

விடிந்தது. மலையின் விளிம்பு முதலில் தெரிந்தது, அப்புறம் செடி தெரிந்தது. மொட்டை. ஒரு பூ இல்லை. துணி துவைக்கிற கல்லின் மேல் ஒரு முழம் சரம், ஈரமாக.

இருசப்பன் ஓடிப்போய் சந்திரம்மாளின் கையைப் பிடித்துப் பார்த்தார். அரக்கு உடையவில்லை. எட்டணாவின் முத்திரை அப்படியே இருந்தது. பின்கதவுப் பூட்டும் அப்படியே. அவர் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. முடிச்சை அவிழ்க்க முடியாமல் கடைசியில் அரிவாள்மணையில் வைத்து அறுத்தார். மணிக்கட்டு வீங்கிச் சிவந்திருந்தது.

"மன்னிச்சிக்க சந்திரம்மா."

"அது கெடக்கட்டும் சார். அதை எடுங்க."

சரத்தை வாங்கித் தன் கையில் வைத்தாள். குறைவு. அன்றைக்குப் போல நாலு விரற்கடை இல்லை, ஒன்றரைதான். கண்ணைச் சுருக்கினாள். இருசப்பன் கையில் வைத்தாள். மிச்சம் தொங்கிற்று. மூர்த்தியை எழுப்பி அவன் கையில் வைத்தாள். அவனுக்கும் மிச்சம்.

"தம்பி. கைய நீட்டுங்க."

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். நீட்டினேன். முழங்கை முட்டியில் ஒரு முனையை வைத்தாள். குளிர்ச்சி. நீவிக்கொண்டே வந்தாள். கடைசிப் பூ என் நடுவிரல் நுனியில் வந்து உட்கார்ந்தது. ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"சாமி..." என்றாள். என் கையைத் திருப்பினாள். கட்டைவிரல் நகத்துக்குள் பச்சை. நகக்கண்ணில் ஒரு துணுக்கு நார். ஆள்காட்டி விரலில், நாரை இழுத்து இழுத்து, சந்திரம்மாள் விரலில் இருக்கிறதே, அதே மாதிரி ஒரு கோடு.

எனக்குப் பூக் கட்டத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. வேண்டுமானால் நாரும் பூவும் கொண்டு வாருங்கள்.

"நீயாடா?" என்றான் மூர்த்தி. கொஞ்சம் தள்ளி நின்றான். அவன் அதற்கு முன் என்னை அப்படிப் பார்த்ததில்லை. இருசப்பனும் பார்த்தார். அந்த ஒன்பதாம் நாள் சாயங்காலம் வேலியோரம் நின்று சந்திரம்மாளைப் பார்த்தார்களே, அதே பார்வைதான். அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. வாய் நிறைய வாக்கியம் வைத்திருந்தேன்.

சந்திரம்மாள்தான் பேசினாள். "இந்தப் புள்ளைய ஒன்னும் சொல்லாதீங்க. நான் பாத்துக்கினேதான் இருந்தேன். கை வேலை செஞ்சுது. மூஞ்சி குட்டைய வேடிக்கை பாத்துக்கினு இருந்துச்சு."

பூட்டைத் திறந்தார்கள். அத்தை வெளியே வந்தாள். என் கையில் கிடந்த சரத்தைப் பார்த்தாள். யாரும் அவளுக்கு எதுவும் சொல்லவில்லை. அவள் உள்ளே போய் சாமி அலமாரியிலிருந்து அந்தப் பழைய சரங்களை அள்ளிக்கொண்டு வந்தாள். காய்ந்து பழுப்பாகிவிட்ட சரங்கள். பூதான் சுருங்கியிருந்தது, நார் சுருங்கவில்லை. ஒன்றை எடுத்துத் தன் முழங்கையில் வைத்தாள். நடுவிரல் நுனி வரைக்கும் சரியாக இருந்தது. இன்னொன்று. சரி. மூன்றாவதை வைக்கும்போது இருசப்பன், "போதும், வுடு" என்றார்.

"என் நகத்துலயும் தெனம் பச்சை இருந்துச்சுங்க" என்றாள் அத்தை. "நீங்க எழுந்துக்கறதுக்குள்ள கழுவிடுவேன். என்னைச் சொல்லிடுவாங்கன்னு பயம். இந்தம்மாவச் சொன்னப்போ... வாயை மூடிக்கினு இருந்துட்டேன்."

சந்திரம்மாள் அவள் கையை ஒரு தடவை பார்த்தாள். கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

இருசப்பன் அன்றைக்குப் பகலில் தூங்கவில்லை. இருபது வருஷத்தில் முதல் தடவையாக வெயிலில் வெளியே போனார். கூடையைத் தானே சைக்கிளில் கட்டிக்கொண்டு, சந்திரம்மாளை முன்னால் நடக்கவிட்டு, இருபது வீட்டுப் படலிலும் நின்றார். "நான் சொன்னது தப்பு. இந்தம்மா கை சுத்தம்" என்று இருபது தடவை சொன்னார். தந்திக்காரர் ஆயிற்றே, சேதியைச் சுருக்கமாகத்தான் சொன்னார். யார் எடுத்தது என்று சில வீட்டில் கேட்டார்கள். அதற்கு மட்டும் பதில் இல்லை. பறித்த பூ எங்கே போயிற்று என்றும் தெரியாது. எடுத்தது யாரோ... வீட்டுப் பங்கை அவர் ஒரு நாளும் வைக்காமல் போனதில்லை. நாணயஸ்தர். தனக்கென்று கைதான் இல்லை போலிருக்கிறது.

மூன்றே மாதத்தில் இருசப்பன் போளூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். வீடு பூட்டிக் கிடக்கிறது. குட்டையில் தண்ணீர் இருக்கிறதா, செடி இருக்கிறதா, நான் போய்ப் பார்க்கவில்லை. சந்திரம்மாள் இன்றைக்கும் கோபுரத்து வாசலில்தான் இருக்கிறாள். நான் அந்தப் பக்கம் போனால் என் முகத்தைப் பார்க்கமாட்டாள். கையைப் பார்ப்பாள்.

அவ்வளவுதான்.

கண்ணாயிரம் மெழுகுவத்தித் திரியை நிமிர்த்திவிட்டான். அப்புறம் சிரித்தான். "யண்ணா, இதுல இன்னா இருக்குது? தூக்கத்துல நீயே எழுந்து பறிச்சி நீயே கட்டியிருக்க. தூக்கத்துல நடக்கறது சைக்காலஜியில இருக்குது" என்றான்.

நானும் அதைத்தான் சொல்கிறேன் என்றேன். விஞ்ஞானபூர்வமான விளக்கம் அது ஒன்றுதான். திருவண்ணாமலையில் பேய் கிடையாது. எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது. இரண்டு பேர் என்னைக் கிண்டல் செய்தார்கள். மெழுகுவத்தியை ஊதி அணைத்துவிட்டு அவரவர் பாய்க்குப் போனார்கள். மழை விட்டிருந்தது.

நான் படுத்திருந்தேன். கண்ணாயிரம் மூச்சு சீராகிற வரைக்கும் காத்திருந்தேன். அவனுக்கு அப்புறம் மற்றவர்கள். ஐந்து மூச்சும் சீரானதும், தலைமாட்டில் இருந்த துண்டை எடுத்தேன். இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து வைத்துச் சுற்றினேன். முதல் முடிச்சை விரலாலேயே போட்டுவிடலாம். இரண்டாவதைப் பல்லால்தான் இழுக்க வேண்டும்.